நாற்பதாவது குரோமோசோமில் புள்ளி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பக்கத்தில் சுண்டெலிகளை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரை நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கூடவே போட்டிருந்த படம்தான் என்னை எழுத வைத்தது. ஒரு வெள்ளைச் சுண்டெலி, அதன் பக்கத்தில் பெரிய நீல நிற எக்ஸ், எக்ஸின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம், வட்டத்துக்குக் கீழே 'சென்ட்ரோமியர்: குரோமோசோமின் மையத்தில் உள்ள முடிச்சு. இங்கே இருப்பது பெரும்பாலும் குப்பை டி.என்.ஏ.' என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பில் மூன்று தவறுகள் இருக்கின்றன. சுண்டெலிக்கு அது மையத்தில் இல்லை, அது முடிச்சும் இல்லை, குப்பை என்று சொல்வதற்கோ கொஞ்சமும் இடமில்லை. குரோமோசோம் ஸ்லைடு போடுவதையே பல வருடம் தொழிலாகச் செய்தவன் என்பதால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் மையம். சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து குரோமோசோம் எடுப்பது எங்கள் ஆய்வகத்தில் வாராவாரம் நடக்கிற வேலை. கால்சிசின் கொடுத்து செல் பிரிதலைப் பாதியில் நிறுத்தி, தொடை எலும்பின் மஜ்ஜையை ஊசியால் அடித்து வெளியே எடுத்து, நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊற வைத்தால் செல்கள் தண்ணீரை இழுத்து உப்பிவிடும். அப்புறம் மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் சேர்ந்த கலவையில் போட்டு, குளிர்ந்த ஈரமான ஸ்லைடின் மேல் சற்று உயரத்திலிருந்து ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டு விழுந்த இடத்தில் செல் விரிந்து குரோமோசோம்கள் பரவிக்கொள்ளும். ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸைத் திருப்பிப் பார்த்தால், மனிதச் செல்லைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் நாள் திகைப்பாகத்தான் இருக்கும். ஓர் எக்ஸ் கூட இருக்காது. நாற்பது கொண்டை ஊசிகளை அள்ளி எறிந்த மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு முனையில் சேர்ந்து மறுமுனையில் இரண்டு காலாகப் பிரிந்து கிடக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் குரோமோசோம்கள் எல்லாம் பாதியில் உடைந்துவிட்டன என்று நினைத்து அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடப் போனார், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். எதுவும் உடையவில்லை, சுண்டெலியின் குரோமோசோமே அப்படித்தான். சேர்ந்திருக்கும் அந்த முனைதான் சென்ட்ரோமியர், செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கப் பிடி கிடைக்கிற இடம்.

இந்தக் குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். 1936-இல் டார்லிங்டன் என்ற உயிரியலாளர் இந்தப் பெயரை வைத்தபோது 'மையப் பகுதி' என்கிற பொருள்தான் அதில் இருந்தது, அது அப்படியே பாடப்புத்தகத்துக்குள் போய், படம் போடுகிறவர்கள் எல்லோரும் எக்ஸின் நடுவில் வட்டம் போடப் பழகிவிட்டார்கள். மனிதனிலேயே 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து ஜோடிகளில் சென்ட்ரோமியர் ஓரத்துக்கு ஒதுங்கித்தான் இருக்கிறது. சுண்டெலியில் 19 ஜோடி உடல் குரோமோசோம்களிலும் எக்ஸ் என்ற பால் குரோமோசோமிலும் அது ஏறத்தாழ நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒய் குரோமோசோமில் மட்டும் சென்ட்ரோமியருக்கு அந்தப்புறம் மரபணுக்கள் உள்ள சின்னக் கை ஒன்று உண்டு. ஒய் பற்றி அப்புறம் சொல்கிறேன், நான் சொல்ல வந்த விஷயமே அதில்தான் இருக்கிறது.

அந்த நுனியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வெளிமுனையிலிருந்து உள்ளே நடந்து போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டெலோமியர், குரோமோசோமின் நுனி பிரிந்துபோகாமல் காக்கிற பகுதி. அதைத் தாண்டி சில ஆயிரம் எழுத்துகள்தான் (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்), உடனே சென்ட்ரோமியர் வந்துவிடும். அங்கே 120 எழுத்து நீளமுள்ள ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது, இதற்கு மைனர் சாட்டிலைட் என்று பெயர். சராசரியாக ஆறு லட்சம் எழுத்து, அதாவது சுமார் 5000 தடவை அதே வாக்கியம். இந்தப் பகுதியில்தான் செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கிற நுண்குழல்கள் வந்து பிடிப்பதற்கான புரதக் கட்டமைப்பு, கைனெட்டோகோர், உருவாகிறது. அதையும் தாண்டினால் மேஜர் சாட்டிலைட், இது 234 எழுத்து வாக்கியம், ஒரு குரோமோசோமுக்கு ஏறக்குறைய 60 லட்சம் எழுத்து, இருபத்தைந்தாயிரம் தடவைக்கும் மேல் அதே 234. அதற்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்த மரபணுக்களும் மற்றதும் வருகின்றன. ஆக வரிசை இப்படி: டெலோமியர், ஒரு சிறு இடைவெளி, மைனர், மேஜர், அப்புறம் நீண்ட கை.

இவ்வளவு பெரிய பகுதியை நாம் எப்படி நடத்தினோம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். சுண்டெலியின் மரபணுத் தொகுப்பு 2002 டிசம்பரில் வெளியானது. அதற்குப் பிறகு பல வருடம் எல்லோரும் பயன்படுத்திய கோப்பில் முதல் குரோமோசோமைத் திறந்தால், முதல் முப்பது லட்சம் எழுத்துகளும் வெறும் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்துதான். என் என் என் என் என்று பக்கம் பக்கமாக. 'இங்கே ஏதோ இருக்கிறது, படிக்க முடியவில்லை' என்பதற்கான அடையாளம் அது. ஒவ்வொரு உடல் குரோமோசோமிலும் அதே கதை. ஒரே மாதிரித் துண்டுகளை எப்படி வரிசைப்படுத்துவது? ஒரே படம் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட காகிதத்தைக் கிழித்துப் போட்டு ஒட்டச் சொன்னால் எந்தத் துண்டு எங்கே என்று யாருக்குத் தெரியும்? நீளமான துண்டுகளை ஒரே மூச்சில் வாசிக்கிற கருவிகள் வந்த பிறகுதான், 2024-ஐ ஒட்டி, நுனி முதல் நுனி வரை சுண்டெலியின் குரோமோசோம்களைப் படித்து முடித்தார்கள். படிக்க முடியாமல் இருந்த அந்த இருபது சொச்சம் வருடத்தில் 'படிக்க முடியவில்லை' என்பது மெல்ல மெல்ல 'படிக்கத் தேவையில்லை' என்று மாறிவிட்டது. உங்கள் குறிப்பில் இருக்கிற 'குப்பை' அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

சாட்டிலைட் என்ற பெயரைப் பார்த்து விண்வெளியோடு சம்பந்தமோ என்று கேட்டவர்கள் உண்டு. சம்பந்தமில்லை. 1960-களின் தொடக்கத்தில் சுண்டெலியின் டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு அதிவேகத்தில் சுழற்றியபோது, பெரிய பட்டை ஒன்றும் அதற்கு மேலே, கொஞ்சம் இலேசான சின்னப் பட்டை ஒன்றும் தனியாகப் பிரிந்து நின்றன. பெரிய கோளைச் சுற்றும் துணைக்கோள் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். ஏ, டி எழுத்துகள் அதிகம் என்பதால்தான் அது மிதந்து மேலே வந்தது. 1966-இல் வேரிங், பிரிட்டன் இருவரும் அது மிகப் பலமுறை திரும்ப வரும் ஒரே வகைத் துண்டு என்று காட்டினார்கள். 1970-இல் மேரி லூ பார்டியூவும் ஜோசப் காலும் கதிரியக்கம் ஏற்றிய சாட்டிலைட் துண்டைச் சுண்டெலிக் குரோமோசோம் ஸ்லைடின் மேல் ஒட்டவிட்டுப் பார்த்தபோது, அது அத்தனையும் சென்ட்ரோமியர் பக்கமே போய் உட்கார்ந்தது. அந்தப் பரிசோதனையின்போதே, டி.என்.ஏ. இழைகளைப் பிரித்துத் திரும்பச் சேரவிட்ட ஸ்லைடில் ஜீம்சா சாயம் சென்ட்ரோமியரில் மட்டும் கருமையாகப் பிடிப்பதையும் அவர்கள் கவனித்தார்கள். நாங்கள் ஆய்வகத்தில் தினமும் செய்த சி-பட்டைச் சாயமேற்றம் அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது.

ஆண் சுண்டெலியின் செல்லை அப்படிச் சாயமேற்றிப் பாருங்கள். கொண்டை ஊசிகளின் கால்கள் வெளிறிப் போய், ஒவ்வொரு நுனியிலும் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு கரும்புள்ளி நிற்கும். எண்ணிக்கொண்டே வந்தால் 39 புள்ளி. நாற்பதாவது குரோமோசோமில் புள்ளி இல்லை, முழுக்க ஒரே சாம்பல் நிறம். அதுதான் ஒய். சுண்டெலியில் ஒய்யைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சுலபமான வழியே இதுதான், புள்ளி இல்லாததைத் தேடு. பல வருடம் இதை ஓர் அடையாளமாக மட்டும் பயன்படுத்திவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருக்கிறேன். ஒருநாள்தான் உறைத்தது. மேஜர் சாட்டிலைட் இல்லாமல், மற்ற 39-இலும் உள்ள மைனர் சாட்டிலைட்டும் இல்லாமல், இந்த ஒய் எப்படி ஒவ்வொரு செல் பிரிதலிலும் பிசகாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது? அப்பனிடமிருந்து மகனுக்கு எத்தனையோ லட்சம் தலைமுறையாகப் போய்க்கொண்டுதானே இருக்கிறது? ஒய்க்கென்று தனியாக வேறொரு சிறு சாட்டிலைட் இருப்பது பின்னால் தெரியவந்தது, ஆனால் அது மற்றவற்றோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு, எழுத்து வரிசையும் வேறு. அப்படியென்றால் சென்ட்ரோமியரைச் சென்ட்ரோமியர் ஆக்குவது அந்த எழுத்து வரிசை இல்லை என்றுதானே ஆகிறது.

அதை ஆக்குவது ஒரு புரதம். இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு எப்போதும் மனதைத் தொடுகிற ஒன்று. ஸ்கிளிரோடெர்மா என்று ஒரு நோய், தோல் இறுகிப்போகும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும். 1980-இல் அப்படிப்பட்ட நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் சென்ட்ரோமியரையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பது தெரிந்தது. செல்லின் மேல் அந்த சீரத்தை விட்டால் ஒவ்வொரு குரோமோசோமிலும் சென்ட்ரோமியர் மட்டும் ஒளிரும். 1985-இல் எர்ன்ஷாவும் ராத்ஃபீல்டும் அந்தச் சீரத்தைக் கொண்டே சென்ப்-ஏ, சென்ப்-பி, சென்ப்-சி என்று மூன்று புரதங்களை அடையாளம் கண்டார்கள். யாரோ சிலர் பட்ட வேதனைதான் இந்தத் துறைக்கு வழிகாட்டியது.

சென்ப்-ஏ, ஹிஸ்டோன் என்ற புரத வகையைச் சேர்ந்தது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் உருளைகளில் நூல்கண்டு மாதிரிச் சுற்றப்பட்டிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற இடங்களில் அந்த உருளையில் ஹெச்-3 என்ற சாதாரண ஹிஸ்டோன் இருக்கும், சென்ட்ரோமியரில் பல உருளைகளில் அதற்குப் பதிலாகச் சென்ப்-ஏ இருக்கும். கைனெட்டோகோர் அதன் மேல்தான் கட்டப்படுகிறது. புள்ளியே இல்லாத ஒய்யிலும் சென்ப்-ஏ இருக்கிறது. சுண்டெலியில் சென்ப்-ஏ மரபணு இரண்டு பிரதியையும் நீக்கிவிட்டால் கரு ஆறரை நாளைத் தாண்டுவதில்லை, 2000-ஆம் ஆண்டில் இதைக் காட்டினார்கள். ஆனால் மைனர் சாட்டிலைட்டின் குறிப்பிட்ட 17 எழுத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற சென்ப்-பியை நீக்கினால் சுண்டெலி பிறக்கிறது, வளர்கிறது, ஆண்களின் எடையும் விந்தகங்களின் எடையும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். 1998-இல் மூன்று வெவ்வேறு குழுக்கள் தனித்தனியாக இதைச் செய்து பார்த்து ஒரே முடிவுக்கு வந்தன. மனிதர்களிடம் இன்னும் தெளிவான சாட்சி இருக்கிறது: 1993-இல், வழக்கமான சாட்டிலைட் துளியும் இல்லாத ஒரு குரோமோசோம் துண்டு, புது இடத்தில் புது சென்ட்ரோமியரை அமைத்துக்கொண்டு ஒழுங்காகப் பிரிந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள்.

சரி, எழுத்து வரிசை சொல்லவில்லை என்றால் அடுத்த தலைமுறைச் செல்லுக்கு 'இதுதான் இடம்' என்று யார் சொல்கிறார்கள்? ஏற்கெனவே அங்கே இருக்கிற சென்ப்-ஏதான். டி.என்.ஏ. இரட்டிக்கும்போது இருக்கிற சென்ப்-ஏ இரண்டு பிரதிக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்துபோகும், காலியான இடத்தைச் சாதாரண ஹிஸ்டோன் தற்காலிகமாக நிரப்பும். செல் இரண்டாகப் பிரிந்து முடிந்ததும், அடுத்த சுழற்சியின் தொடக்கத்திலேயே, மிஸ்18 என்ற புரதக் கூட்டு அந்த இடத்தில் வந்து உட்காரும், ஹெச்.ஜே.யு.ஆர்.பி. என்ற இன்னொரு புரதம் புதுச் சென்ப்-ஏவைச் சுமந்து கொண்டுவந்து அந்தக் குறையை நிரப்பும். பழைய விளக்கிலிருந்து புது விளக்கை ஏற்றுகிற மாதிரி. மரபு என்றால் எழுத்து மட்டும்தான் என்று படித்தவர்கள் நாம். இங்கே ஒரு புரதம், தான் இருக்கிற இடத்தை, எழுத்தை நம்பாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றுகிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் சுண்டெலியின் கருமுட்டை. பெண் சுண்டெலி பிறக்கும்போதே அதன் சினைப்பையில் முட்டைச் செல்கள் உருவாகி, பாதிப் பிரிவில் நின்று காத்திருக்கின்றன. பிரிதலே இல்லை, புதுச் சென்ப்-ஏ ஏற்றுவதற்கான வழக்கமான வேளையும் வருவதில்லை. அப்படியிருக்கும் முட்டைகளில் சென்ப்-ஏ மரபணுவை வெட்டி எடுத்துவிட்டு ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்து பார்த்தார்கள், 2016-இல் வெளியான ஆய்வு அது. பழைய சென்ப்-ஏ பெரும்பாலும் அப்படியே இருந்தது, அந்த முட்டைகளிலிருந்து குட்டிகளும் பிறந்தன. சுண்டெலியின் மொத்த ஆயுளே இரண்டு மூன்று வருடம்தான். பிறந்த நாளில் வைத்த அடையாளம் ஏறத்தாழ அதன் இனப்பெருக்கக் காலம் முழுக்க அசையாமல் இருந்திருக்கிறது. உடம்பில் பெரும்பாலான புரதங்கள் சில நாளில் சிதைந்து புதுப்பிக்கப்படுகிற இடத்தில் இப்படி ஒன்று!

அப்படியானால் அந்த லட்சக்கணக்கான எழுத்துச் சாட்டிலைட் எதற்கு, குப்பைதானே என்று இப்போது யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நான் பதிலாகக் காட்ட விரும்புவது இன்னொரு ஸ்லைடு. பிரியாமல் ஓய்வாக இருக்கிற சுண்டெலிச் செல்லில் டாப்பி என்ற ஒளிரும் சாயத்தைப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். மனிதச் செல்லின் உட்கரு மங்கலான, ஓரளவு சீரான நீலமாகத்தான் தெரியும். சுண்டெலியின் உட்கருவில் இரவு வானம் மாதிரிப் பளிச்சென்று நீலப் புள்ளிகள். ஏ, டி அதிகமுள்ள மேஜர் சாட்டிலைட்டில் அந்தச் சாயம் அவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குரோமோசோமுக்குச் சொந்தமானது இல்லை, பல குரோமோசோம்களின் மேஜர் சாட்டிலைட்டுகள் ஒன்றாகக் கூடி நிற்கிற இடம் அது, குரோமோசென்டர் என்று சொல்வார்கள். 2004-இல் கவனமாகப் பார்த்தபோது, மேஜர் பகுதிகள் நடுவில் ஒன்றோடொன்று கலந்து ஒரே திரளாக நிற்க, மைனர் பகுதிகள் அந்தத் திரளின் வெளிப்பரப்பில் தனித்தனிப் பொட்டுகளாக ஒட்டியிருந்தன. மேஜர் பகுதியில் ஹெச்-3 ஹிஸ்டோனின் ஒன்பதாவது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மெத்தில் என்ற வேதி அடையாளங்கள் மூன்று ஏற்றப்பட்டு, ஹெச்.பி.-1 புரதம் அதைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாக அடைத்து வைத்திருக்கிறது. மைனர் பகுதியில் சென்ப்-ஏ. பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டுக்கும் வேறு வேறு வேலை. ஒன்று நுண்குழலுக்குக் கைகொடுக்கிறது, மற்றொன்று இரட்டித்த இரண்டு இழைகளும் வேளை வரும்வரை பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

முடிச்சு என்று சொன்னீர்களே, அதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இரண்டு இழைகளையும் சேர்த்து வைப்பது கொஹெசின் என்ற வளையப் புரதங்கள், அவை குரோமோசோம் நெடுகிலும் இருக்கும். செல் பிரியத் தொடங்கும்போது கைகளில் உள்ளவை முதலில் கழன்றுவிட, சென்ட்ரோமியரைச் சுற்றி இருப்பவை மட்டும் காவல் இருப்பதால் கடைசிவரை நிற்கின்றன. அதனால்தான் அந்த இடம் இறுக்கிக் கட்டிய முடிச்சு மாதிரி நம் கண்ணுக்குத் தெரிகிறது. மேஜர் பகுதிக்கு அந்த மெத்தில் அடையாளத்தை வைக்கிற இரண்டு நொதிகளையும் நீக்கிய சுண்டெலிகள் 2001-இல் உருவாக்கப்பட்டன. பல கருவிலேயே இறந்தன. பிழைத்தவற்றின் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறாகி, அவற்றுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. குப்பையைக் கலைத்தால் இப்படியா ஆகும்?

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி. அதன் விழித்திரையில் மங்கிய ஒளியைப் பார்க்கிற கோல் செல்களில், குட்டி பிறந்த பிறகு சில வாரத்தில் உட்கருவே தலைகீழாக அடுக்கி வைக்கப்படுகிறது. வழக்கமாக ஓரத்தில் இருக்க வேண்டிய இறுக்கமான பகுதி நடுவுக்கு வருகிறது, குரோமோசென்டர்கள் எல்லாம் ஒன்றாகி நட்டநடுவில் ஒரே உருண்டையாக நிற்கின்றன. அந்த உட்கரு ஒரு குட்டி லென்ஸ் மாதிரி ஒளியைக் குவித்து அனுப்புகிறது என்று 2009-இல் சொலோவேய் குழுவினர் காட்டினார்கள். இருட்டில் அந்தச் சுண்டெலி பார்ப்பதில் சாட்டிலைட்டுக்கும் பங்கு இருக்கிறது.

மைனர் சாட்டிலைட்டின் அளவும் வெறும் அலங்காரம் இல்லை. ஆய்வகச் சுண்டெலி வகைகளுக்கு இடையே அது பல மடங்கு வேறுபடுகிறது. அதிகம் உள்ள வகையையும் குறைவாக உள்ள வகையையும் கலந்து பிறந்த பெண் சுண்டெலியின் முட்டையில், ஒரு ஜோடியில் ஒன்று வலுவான சென்ட்ரோமியர், மற்றது பலவீனமானது என்று எதிரெதிரே நிற்கும். முட்டை உருவாகும்போது நான்கில் ஒன்றுதான் முட்டையாகும், மற்றவை துருவ உடல் என்ற சின்னப் பொட்டலங்களில் போய் அழிந்துவிடும். ஆளுக்குப் பாதி வாய்ப்பு என்பதுதான் மெண்டல் சொன்ன கணக்கு. ஆனால் மைக்கேல் லாம்ப்சன் என்ற ஆய்வாளரின் ஆய்வகத்தில் 2014 முதல் வரிசையாகச் செய்த வேலைகளில், வலுவான சென்ட்ரோமியர் உள்ள குரோமோசோம் பாதிக்கும் மேற்பட்ட தடவை முட்டைப் பக்கமே போய்ச் சேருவது தெரிந்தது. முட்டையின் ஓரத்தை ஒட்டிய பக்கத்து நுண்குழல்களும் உட்பக்கத்து நுண்குழல்களும் ஒரே மாதிரி இல்லை, வேதியியல் வேறு. ஓரத்துப் பக்கம் மாட்டிக்கொண்ட வலுவான சென்ட்ரோமியர் பிடியை உதறிவிட்டுத் திரும்பி உட்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. எந்த மரபணுவும் சொல்லாமல், உயிரினத்துக்கு எந்த நன்மையும் செய்யாமல், தன் பிரதியை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவிடுகிறது. சாட்டிலைட் ஏன் இவ்வளவு வேகமாக மாறுகிறது, உறவுக்கார இனங்களிலேயே ஏன் ஒன்றுபோல் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

நுனியில் சென்ட்ரோமியர் இருப்பதால் வருகிற இன்னொரு விளைவும் உண்டு. இரண்டு கொண்டை ஊசிகள் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டால் நடுவில் சென்ட்ரோமியர் உள்ள ஒரே குரோமோசோம் ஆகிவிடும், அதாவது நீங்கள் வரைந்த அந்த எக்ஸ். ராபர்ட்சன் இணைவு என்பார்கள், 1916-இல் அதை விவரித்தவரின் பெயர். இணையும்போது டெலோமியர்களும் மைனர் சாட்டிலைட்டில் கொஞ்சமும் போய்விடும். சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் உள்ள சுண்டெலிகளுக்கு 40 குரோமோசோம்களுக்குப் பதில் 26தான் என்று ஆல்ஃபிரட் குரோப் 1970-ஐ ஒட்டிக் கண்டார். ஏழு ஜோடி இணைந்தவை, ஆறு ஜோடி இணையாதவை. கைகளை எண்ணினால் அதே 40. போர்ச்சுகலின் மடெய்ரா தீவில் 22 முதல் 30 வரை எண்ணிக்கை கொண்ட ஆறு தனித்தனிக் கூட்டங்கள் இருப்பதை 2000-இல் எழுதினார்கள். எந்தச் சென்ட்ரோமியர் வலுவோ அதுவே முட்டைக்குள் போகும் என்ற அந்தப் பழைய போட்டிதான், ஓரிடத்தில் இணைந்தவற்றைப் பெருக்குகிறது, இன்னோரிடத்தில் இணையாதவற்றையே காப்பாற்றுகிறது. மனிதரிலும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி ஓர் இணைவு இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, குழந்தை பிறப்பில் சிக்கல் வந்து பரிசோதனைக்கு வரும்போதுதான் தெரியவரும். அப்படி வருகிறவர் கையில் உங்கள் நாளிதழில் வந்த 'மையத்தில் உள்ள குப்பை' என்ற வரி இருந்தால், அவருக்கு அதிலிருந்து என்ன புரியும்?

பத்திரிகையில் எல்லாவற்றையும் விளக்கமாகப் போட இடம் இருக்காது, தெரியும். நான் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. 'குப்பை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'திரும்ப வரும் டி.என்.ஏ.' என்று போட்டால் அதே இடம்தான் ஆகும், உண்மையும் அதுதான். படத்தில் எக்ஸை எடுத்துவிட்டு நாற்பது கொண்டை ஊசி வரையச் சொல்லுங்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கரும்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வரைவது ஆண் சுண்டெலியின் குரோமோசோம் என்றால் சின்னதாக இருக்கும் ஒன்றில் மட்டும் புள்ளி வைக்காமல் விட்டுவிடட்டும். அதைப் பார்த்துவிட்டு 'ஏன் இதில் மட்டும் இல்லை?' என்று கேட்டு எந்த மாணவராவது உங்களுக்கு எழுதினால், அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து எனக்கு அனுப்பி வையுங்கள், பதில் நான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
குரோமோசோம் ஆய்வகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்